‘இதர செலவு’ வரிக்குள் என்ன இருக்கிறது? நைஜீரியா, கானா கணக்குகளை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

உலக வங்கியின் தரவுத்தளத்தில் அரசுச் செலவைப் பிரித்துக் காட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. சம்பளம், வட்டி, மானியம் எல்லாம் வந்து முடிந்த பிறகு கடைசியில் ‘இதர செலவு, மொத்தச் செலவில் சதவீதம்’ என்று ஒரு வரி வரும். இரண்டு நாடுகளைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு கோடுகள் விழும், ஒன்று மேலே போகும், இன்னொன்று கீழே போகும், மேலே போகிற நாட்டில் பணம் கண்டபடி கரைகிறது என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான்.

அந்தக் கோடுகளை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது என்று எனக்குப் புரிய வைத்த இரண்டு நாடுகள் நைஜீரியாவும் கானாவும். இரண்டும் மேற்கு ஆப்பிரிக்கா, நடுவில் பெனினும் டோகோவும் மட்டும்தான். இரண்டையும் ஆண்டது பிரிட்டன். இரண்டிலும் எண்ணெய் எடுக்கிறார்கள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்துகிறார்கள், ஜொல்லோஃப் சோறு யாருடையது ருசி என்று இணையத்தில் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். அரசின் நிதி மேலாண்மை மென்பொருளுக்குக்கூட இரண்டு நாட்டிலும் ‘ஜிஃப்மிஸ்’ என்று ஒரே பெயர். இவ்வளவு ஒற்றுமை இருப்பதால் ஒப்பிடுவது எளிது என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு நாடும் ‘இதர’ என்பதற்குள் ஒளித்து வைக்கிற சமாசாரமே வேறு.

முதலில் வரையறையைப் பார்த்துவிடலாம், கொஞ்சம் சலிப்பான பகுதிதான், ஆனால் தாண்டிப் போனால் பின்னால் எதுவும் விளங்காது. சர்வதேச நாணய நிதியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கையேடு அரசுச் செலவை எட்டு வகையாகப் பிரிக்கிறது: ஊழியர் ஊதியம், பொருள் மற்றும் சேவை, தேய்மானம், வட்டி, மானியம், மற்ற அரசு அமைப்புகளுக்குத் தரும் கொடை, சமூக நலப் பயன்கள், கடைசியாக இதர செலவு. அந்தக் கடைசி வகைக்குக் குறியீடு 28. அதற்குள் வட்டி அல்லாத சொத்துச் செலவு, அதாவது வாடகை, பங்காதாயம் போன்றவை, காப்பீட்டுத் தவணை, தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பது, உதவித்தொகைகள், அப்புறம் நீதிமன்றம் கட்டச் சொன்ன நஷ்டஈடு. இந்தக் கடைசி ஐட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக வரப் போகிறது. உலக வங்கி தன் வரியில் தேய்மானத்தையும் இதோடு சேர்த்துக்கொள்கிறது. ரொக்கக் கணக்கு எழுதுகிற அரசு தேய்மானமே எழுதாது, பில் வந்தவுடன் பதிகிற அரசு எழுதும். ஆக, ஒரு நாடு கணக்கு எழுதும் முறையை மாற்றினாலே போதும், ஒரு பைசா கூடுதலாகச் செலவாகாமல் அதன் ‘இதர’ கோடு துள்ளி மேலே போகும்.

இன்னொரு சிக்கல், யாருடைய செலவு என்பது. இந்த வரி மத்திய அரசின் கணக்கு. கானா ஒற்றையாட்சி நாடு, தலைநகர் அக்ராவில் எழுதுகிற கணக்கில் நாட்டின் பெரும்பகுதி அடங்கிவிடும். நைஜீரியா 36 மாநிலம், ஒரு தலைநகரப் பகுதி, 774 உள்ளாட்சிகள் கொண்ட கூட்டாட்சி. எண்ணெய்ப் பணமும் சுங்கமும் கம்பெனி வரியும் வந்து விழும் கூட்டமைப்புக் கணக்கிலிருந்து மத்திய அரசுக்கு 52.68%, மாநிலங்களுக்கு 26.72%, உள்ளாட்சிகளுக்கு 20.60% என்று பிரிகிறது, அதற்கும் முன்பே எண்ணெய் எடுக்கும் மாநிலங்களுக்கு 13% தனியாகப் போய்விடும். அதாவது அந்தப் பொதுப் பானையில் பாதிக்குப் பக்கமான பணம் செலவாகும் இடம் உலக வங்கியின் கோட்டுக்குள்ளேயே வராது. அங்கேதான் மிகக் கலங்கலான செலவுகள் நடக்கின்றன என்பது வேறு விஷயம்.

நைஜீரியா: பெயர் உள்ளதில் பணம் இல்லை, பணம் உள்ளதில் பெயர் இல்லை

நைஜீரியாவின் பட்ஜெட் புத்தகத்தைத் திறந்தால் ‘இதர செலவுகள் – பொது’ என்று ஒரு தலைப்பு நேராகவே இருக்கிறது, குறியீடு 220210. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும், ஒவ்வொரு கல்லூரிக்கும், ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் அது உண்டு. அதன் கீழே என்ன இருக்கிறது தெரியுமா? சிற்றுண்டி மற்றும் உணவு, அமர்வுப்படி, விளம்பரம், மருத்துவச் செலவு, தபால் மற்றும் கூரியர், நலப் பொட்டலங்கள், தொழில் சங்கச் சந்தா, விளையாட்டு. முதன்முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன். எங்கோ ஒரு மூலையில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் எவ்வளவு என்று நைரா (அந்நாட்டு நாணயம்) கணக்கில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஊடகங்களும் வருடாவருடம் பட்ஜெட் வந்ததும் அதிபர் மாளிகையின் சாப்பாட்டுச் செலவை எடுத்துப் போட்டுக் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், தப்பில்லை. ஆனால் சர்வதேச வகைப்பாட்டில் இந்த ‘இதர’ பொருள்-சேவை வகையைச் சேர்ந்தது, குறியீடு 28-இல் பெரும்பாலும் வரவே வராது. பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பி இதையும் அதையும் ஒப்பிட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய பணம் இருக்கும் இடத்துக்கு வேறு பெயர்: சர்வீஸ்-வைட் வோட்ஸ் (votes). எந்த அமைச்சகத்தோடும் ஒட்டாத, அரசு முழுமைக்கும் பொதுவான ஒதுக்கீடுகள் என்று பொருள். ஓய்வூதியம், அரசு ஊழியர் குழுக் காப்பீடு, சர்வதேச அமைப்புகளுக்கான சந்தா, ஊதிய உயர்வுக்கான ஒதுக்கீடு, எதிர்பாராச் செலவு எல்லாம் இங்கே. நைஜர் டெல்டாவில் ஆயுதம் தாங்கிய குழுக்களுக்கு 2009-இல் பொதுமன்னிப்பு கொடுத்து, அவர்களுக்கு மாதப்படியும் பயிற்சியும் தருகிற திட்டமும் பல வருடம் 6,500 கோடி நைரா என்று இதற்குள்தான் உட்கார்ந்திருந்தது. இதில் பலவும் நியாயமான செலவு, ஓய்வூதியத்தை யாரும் குறை சொல்ல முடியாது. தொல்லை எங்கே என்றால், நியாயமானதும் நியாயமில்லாததும் ஒரே மூட்டையில் இருக்கிறது, மூட்டையின் வாயைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் நிதி அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. ஒரு சாலைக்கான ஒதுக்கீடு என்றால் எந்தச் சாலை, எத்தனை கிலோமீட்டர் என்று யாராவது போய்ப் பார்க்கலாம். ‘எதிர்பாராச் செலவு’ என்று எழுதியதை எங்கே போய்ப் பார்ப்பது?

நாடாளுமன்றமே இதற்கு நல்ல உதாரணம். 2011 முதல் 2014 வரை நைஜீரிய தேசிய சட்டமன்றத்துக்கு வருடத்துக்கு 15,000 கோடி நைரா ஒதுக்கினார்கள், பட்ஜெட் புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி. மற்ற எல்லோருக்கும் தபால் தலைக்குக்கூட வரி போட்டுக் கணக்கு கேட்கிற மன்றம், தன் செலவுக்கு மட்டும் ஒற்றை எண்ணோடு நிறுத்திக்கொண்டது. ‘பட்ஜிட்’ (BudgIT) போன்ற குடிமக்கள் அமைப்புகள் வருடக்கணக்கில் கத்திய பிறகு, 2017 மே மாதத்தில்தான் அந்த வருடத்துக்கான 12,500 கோடி நைராவின் உட்பிரிவை வெளியிட்டார்கள். சட்டப்படி அது ‘சட்டரீதியான மாற்றம்’ என்ற தலைப்பில் வருவது, இதர என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு தொகையை வேறு எப்படித்தான் அழைப்பது?

இதைவிட ஒரு படி மேலே போவது பாதுகாப்பு ஒதுக்கீடு, அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ‘செக்யூரிட்டி வோட்’. ராணுவ ஆட்சிக் காலத்து மிச்சம். அதிபரிலிருந்து மாநில ஆளுநர்கள் வரை, சில உள்ளாட்சித் தலைவர்கள் உட்பட, பாதுகாப்பு என்ற பெயரில் எடுத்துக்கொள்கிற, பெரும்பாலும் ரொக்கமாகவே கைமாறுகிற, தணிக்கைக்கு உட்படாத தொகை. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2018-இல் வெளியிட்ட அறிக்கை இதை வருடத்துக்கு 67 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டது. நைஜீரிய ராணுவத்தின் ஆண்டு பட்ஜெட்டை விட அதிகம், காவல்துறை பட்ஜெட்டில் 70 சதவீதத்துக்கும் மேல் என்று அதே அறிக்கை சொல்கிறது. நைஜீரியாவில் ஆளுநர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வருகிற மாநிலத் தலைவர், அவர் கையில் உள்ள இந்தப் பணம் மத்திய அரசின் கணக்கில் கிடையாது. உலக வங்கியின் கோடு இதைப் பார்க்கவே பார்க்காது.

எரிபொருள் மானியத்தைப் பற்றிச் சொல்லாமல் நைஜீரியாவைத் தாண்ட முடியாது. வகைப்பாட்டில் அது மானியம், குறியீடு 25, ‘இதர’ அல்ல, சரி. ஆனால் ஒரு செலவு எப்படி எந்தக் குறியீட்டிலும் விழாமல் தப்பிக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. 2011 பட்ஜெட்டில் மானியத்துக்கு ஒதுக்கியது 24,500 கோடி நைரா. 2012 ஜனவரி 1 அன்று அரசு மானியத்தை ஒரேயடியாக எடுத்தது, லிட்டர் 65 நைராவிலிருந்து 141-க்குப் பாய்ந்தது, நாடே தெருவுக்கு வந்தது, இரண்டே வாரத்தில் விலையை 97-க்கு இறக்கினார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவில் அமைத்த நாடாளுமன்றக் குழு கணக்கைத் தோண்டியபோது, 2011-இல் உண்மையில் போயிருந்தது 2.587 லட்சம் கோடி நைரா என்று சொன்னது. ஒதுக்கியதைப் போல பத்து மடங்குக்கு மேல். அதே அறிக்கையில் இன்னொரு விவரம் உண்டு, இதைப் படித்த அன்று ராத்திரி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது: 2009 ஜனவரி 12, 13 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள், 99.9 கோடி நைரா என்ற அதே தொகை 128 தடவை கருவூலத்திலிருந்து வெளியேறியிருக்கிறது. நூறு கோடிக்கு ஒரு பத்து லட்சம் குறைவு. ஏன் அந்தத் தொகை என்று நான் விளக்கத் தேவையில்லை. (அந்தக் குழுவின் தலைவராக இருந்தவரே, இதே விசாரணையின்போது ஒரு எண்ணெய் வியாபாரியிடம் லஞ்சம் வாங்கியதற்காக 2021-இல் தண்டனை பெற்றார். நைஜீரிய அரசியலைக் கதையாக எழுதினால் மிகை என்று தள்ளிவிடுவார்கள்.)

அதற்குப் பிறகாவது திருந்தினார்களா என்றால், வழியை மாற்றிக்கொண்டார்கள். தேசிய எண்ணெய் நிறுவனமே எரிபொருளை இறக்குமதி செய்யும், அதில் வரும் நஷ்டத்தைத் தான் அரசுக்குக் கட்ட வேண்டிய கச்சா எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்துக்கொள்ளும், மிச்சம் இருந்தால் கட்டும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘குறை-மீட்பு’. 2022-இல் இப்படிப் போனதாக நிறுவனம் சொன்ன தொகை சுமார் 4.39 லட்சம் கோடி நைரா. அந்த வருடம் கூட்டமைப்புக் கணக்குக்கு நிறுவனம் ஒன்றுமே கட்டவில்லை. செலவே எழுதப்படவில்லை, வருமானம்தான் காணாமல் போனது, ஆகவே எந்தச் செலவு வரியிலும் அது இல்லை. 2023 மே 29 அன்று பதவியேற்ற அதிபர் டினுபு மேடையிலேயே மானியம் போய்விட்டது என்று அறிவித்தார். பெட்ரோல் சில நாட்களில் 500 நைராவைத் தொட்டது. அதே மே மாதத்தில்தான், மத்திய வங்கியிடமிருந்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வாங்கிய 22.7 லட்சம் கோடி நைரா மிகைப்பற்றை நீண்டகாலக் கடனாக மாற்ற செனட் ஒப்புக்கொண்டது. முந்தைய வருட வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படி வாங்கக் கூடாது என்று அன்றைய மத்திய வங்கிச் சட்டம் சொன்னது. சட்டம் பாவம்.

கானா: செலவு ‘இதர’வில் இல்லை, நிலுவையில் இருக்கிறது

கானாவின் கதை இவ்வளவு காட்டமாக இருக்காது, அதனாலேயே பலர் ஏமாந்தார்கள், சர்வதேச முதலீட்டாளர்கள் உட்பட. கானாவின் நிதி அட்டவணைகள் ஒழுங்கானவை, வருடத்துக்கு நடுவிலும் வெளியாகும், படிக்கவும் எளிது. அதில் ‘இதர செலவு’ என்று ஒரு வரி உண்டு. அதன் கீழ் பல வருடங்களாக முக்கியமாக இருந்தது எரிசக்தித் துறை வரியிலிருந்து போகிற பணம். பெட்ரோல், டீசல் மீது 2015-இல் போட்ட சிறப்பு வரியை, மின்வாரியங்களின் பழைய கடனை அடைக்கக் கொடுக்கிறார்கள்.

மின்வாரியங்களுக்கு அவ்வளவு கடன் ஏன் வந்தது? 2012 முதல் 2016 வரை கானாவை உலுக்கிய மின்வெட்டு. அங்கே அதற்கு ‘டும்சோர்’ என்று பெயர், ட்வி மொழியில் அணை-ஏற்று என்று பொருள். ஜனங்கள் கொதித்துப் போனதில், பதற்றத்தில் அரசு தனியார் மின் நிறுவனங்களோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பந்தம் போட்டது. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு தர வேண்டும் என்கிற ரகம். 2019 ஜூலையில் நிதி அமைச்சர் கென் ஓஃபோரி-ஆட்டா நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: நிறுவிய திறன் 5,083 மெகாவாட், உச்சத் தேவை சுமார் 2,700 மெகாவாட், பயன்படுத்தாத மின்சாரத்துக்காக வருடத்துக்கு 50 கோடி டாலருக்கு மேல் கட்டுகிறோம். எரியாத விளக்குக்குக் கொடுக்கிற பணம். கானாவின் ‘இதர’ கோடு உயர்ந்தால் அதை அதிகாரிகள் தின்றுவிட்டார்கள் என்று எழுதுவது தவறு, அதில் பெரும்பங்கு பழைய பயத்தின் விலை.

சின்னத் தொகையாக இருந்தாலும் கானாவில் ‘இதர’ என்ற சொல்லை வீட்டுக்கு வீடு பேச வைத்தது ஒரு தேவாலயம். முன்னாள் அதிபர் அகுஃபோ-அடோ கட்டப் புறப்பட்ட தேசிய பேராலயம், வடிவமைப்பு டேவிட் அஜாயே, அடிக்கல் 2020 மார்ச். தனியார் நன்கொடையில் கட்டுவோம் என்றுதான் ஆரம்பித்தார்கள். 2022-இல் நாடு கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, அரசுப் பணத்தில் பல கோடி டாலர் போயிருப்பது தெரிந்தது, சுமார் 5.8 கோடி டாலர் செலவாகி அக்ராவில் ஒரு பெரிய குழிதான் மிச்சம். நிதி அமைச்சர் ஓஃபோரி-ஆட்டா மீது எதிர்க்கட்சி கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தது. விசாரணைக் குழுவின் முன் அவர் சொன்ன பதில் இந்த ஆய்வுக்குப் பொக்கிஷம்: பணம் எடுத்தது அரசமைப்புச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு சொல்கிற எதிர்பாராச் செலவு நிதியத்திலிருந்து இல்லை, அதற்கு நாடாளுமன்றக் குழுவின் அனுமதி வேண்டும், எடுத்தது பட்ஜெட்டுக்குள் ‘இதர அரசுக் கடப்பாடுகள்’ என்ற தலைப்பில் உள்ள எதிர்பாராச் செலவு ஒதுக்கீட்டிலிருந்து, அதைத்தான் ஏற்கனவே மன்றம் நிறைவேற்றிவிட்டதே.

சட்டப்படி அந்தப் பதிலில் சரக்கு இருக்கிறது. நிதியம் வேறு, ஒதுக்கீடு வேறு. ஆனால் ஓட்டுப் போட்ட உறுப்பினர்களில் எத்தனை பேர் ‘இதர அரசுக் கடப்பாடுகள்’ என்ற வரிக்குக் கை தூக்கியபோது மனதில் பேராலயத்தை நினைத்திருப்பார்கள்? 2022 டிசம்பர் 8 அன்று தீர்மானத்துக்கு 136 ஓட்டு விழுந்தது, தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு, தோற்றது. பதினோரு நாள் கழித்து டிசம்பர் 19-இல் கானா வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. அந்த மாதப் பணவீக்கம் 54.1%.

நாட்டைக் கவிழ்த்தது பேராலயம் இல்லை, அதன் பங்கு கொசுறு. கானாவின் நிஜமான ‘இதர’ அட்டவணைக்கு வெளியே நிலுவையாகக் குவிகிறது, அதுவும் தேர்தல் வருடம் வந்தால் போதும். ஒப்பந்ததாரர் ரோடு போடுவார், பில் கொடுப்பார், பில் அலமாரியில் தூங்கும், ஆட்சி மாறும், புதிய நிதி அமைச்சர் அலமாரியைத் திறந்து அலறுவார். 2017 தொடக்கத்தில் ஓஃபோரி-ஆட்டாவின் தரப்பு அப்படித்தான் முந்தைய ஆட்சி விட்டுச் சென்ற சுமார் 700 கோடி சீடி (கானாவின் நாணயம்) நிலுவையைக் காட்டியது, அதில் 500 கோடி நிதி மேலாண்மை அமைப்பில் பதிவாகாமலே போட்ட ஒப்பந்தங்கள் என்றது. எட்டு வருடம் கழித்து, 2025 மார்ச்சில், அவருடைய கட்சி தோற்ற பிறகு நிதி அமைச்சராக வந்த கேசியல் ஆட்டோ ஃபோர்சன் அதே மேடையில் நின்று அதே பாட்டைப் பாடினார்: 2024 இறுதியில் நிலுவை 6,750 கோடி சீடி. கட்சிகள் மாறின, அலமாரி அப்படியே இருந்தது. மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குகிற குடும்பம் கையில் உள்ள காசை மட்டும் எண்ணி, இந்த மாதம் சிக்கனமாக இருந்தோம் என்று சொல்கிற மாதிரிதான். நைஜீரியா மடியில் முடிந்து வைத்துக்கொண்டு கேட்டால் சொல்லாத ரகம், கானா கடைக்காரரின் நோட்டில் வளரும் ரகம்.

நடுவில் இன்னொரு வேலையும் நடந்தது. 2017 ஆகஸ்டில் இரண்டு வங்கிகள், 2018 ஆகஸ்டில் ஐந்து வங்கிகள் என்று மூடி, வாடிக்கையாளர் பணத்தைக் காப்பாற்ற அரசு கடன்பத்திரம் கொடுத்தது. செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018-இல் சட்டம் போட்ட அதே அரசு, தலைப்பில் காட்டும் பற்றாக்குறையில் இந்தச் செலவைச் சேர்க்காமல் அட்டவணைக்குக் கீழே தனிக் குறிப்பாக வைத்தது. நாணய நிதியம் சேர்த்துத்தான் கணக்கிட்டது. ஒரே நாடு, ஒரே வருடம், இரண்டு எண்.

நீதிமன்றம் கட்டச் சொன்ன பணம்

இரண்டு நாட்டையும் உண்மையிலேயே ஒரே தராசில் வைக்க முடிகிற இடம் ஒன்று இருக்கிறது. குறியீடு 28-க்கு நேராகச் சொந்தமான நஷ்டஈடு. கானாவில் இதை ‘ஜட்ஜ்மென்ட் டெட்’ என்பார்கள், டாக்ஸி ஓட்டுநருக்குக்கூடத் தெரிந்த சொல்.

2008 ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய மைதானங்கள் தொடர்பாகத் தனக்குப் பணம் வர வேண்டும் என்று வோயோமே என்ற தொழிலதிபர் வழக்குப் போட்டார், அரசுத் தரப்பு சரியாக எதிர்வாதம் செய்யாமல் விட்டதில் 5.12 கோடி சீடி அவருக்குப் போனது. அரசின் முன்னாள் தலைமை வழக்கறிஞர் மார்ட்டின் அமிடு தனிமனிதராக உச்ச நீதிமன்றத்துக்குப் போய் வாதாடினார், 2014 ஜூலையில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. (வோயோமே மீதான குற்ற வழக்கு தனி, அதில் விடுதலை ஆனார்.) இப்படிப் போன பணங்களை எல்லாம் விசாரிக்க ஒரு நீதிபதியைத் தனி ஆணையராகவே போட வேண்டியிருந்தது. பாடம் படித்தார்களா? டும்சோர் காலத்தில் போட்ட ஒரு மின் ஒப்பந்தத்தை 2018-இல் ரத்து செய்தார்கள், அந்த நிறுவனம் தீர்ப்பாயத்துக்குப் போனது, 2021 ஜனவரியில் சுமார் 13.4 கோடி டாலரும் வட்டியும் தரச் சொல்லி உத்தரவு.

நைஜீரியாவில் நடந்தது இதன் ராட்சத வடிவம். 2010-இல் பி அண்ட் ஐடி என்ற, பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான, யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி கலாபாரில் எரிவாயு ஆலை கட்ட 20 வருட ஒப்பந்தம் போட்டது. ஆலை வரவில்லை. அரசு எரிவாயுக் குழாய் போடவில்லை என்று கம்பெனி லண்டன் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2017-இல் தீர்ப்பாயம் 660 கோடி டாலர் நஷ்டஈடும், வருடத்துக்கு 7% வட்டியும் கொடுத்தது. வட்டி மட்டும் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல். 2019-இல் தொகை 960 கோடி டாலரானது, நைஜீரியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2023-இல் 1,100 கோடி டாலர். அந்த வருடம் அக்டோபர் 23 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ராபின் நோல்ஸ் எல்லாவற்றையும் மோசடி என்று தள்ளினார்: ஒப்பந்தம் போடும்போதே நைஜீரிய அதிகாரிக்கு லஞ்சம், விசாரணையில் பொய்ச் சாட்சியம், நைஜீரியத் தரப்பின் ரகசியச் சட்ட ஆவணங்களே எதிர்த்தரப்பின் கையில்.

இதை ‘இதர’ கோட்டில் வைத்து யோசித்துப் பாருங்கள். தீர்ப்பு மாறிப் போயிருந்தால் ஒரே வருடத்தில் அந்தக் கோடு வானத்துக்குப் போயிருக்கும், எல்லோரும் அந்த வருடத்து அரசைத் திட்டியிருப்பார்கள், செலவு உண்டானதோ 2010-இல் ஒரு கையெழுத்தில். தீர்ப்பு சாதகமாக வந்ததால் கோட்டில் ஒரு அசைவும் இல்லை, ஆறு வருடம் 1,100 கோடி டாலர் தலைக்கு மேல் தொங்கியதற்கான அடையாளமே அட்டவணையில் கிடையாது. கானாவில் 5.12 கோடி சீடி நிஜமாகவே வெளியே போனது, கணக்கில் இருக்கிறது. கோட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த விஷயத்தில் கானாதான் மோசமாகத் தெரியும்.

அதனால் நான் இப்போது இந்த இரண்டு நாட்டையும் ஒப்பிட வேண்டியிருந்தால் அந்தச் சதவீதத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். நைஜீரியாவுக்கு, ஒற்றை வரியாக நிற்கும் மொத்தத் தொகைகள் எவை, அதைத் திறக்கும் சாவி யாரிடம் என்று பார்ப்பேன், மாநில பட்ஜெட்டுகளைத் தனியாக எடுத்து வைப்பேன். கானாவுக்கு, ரொக்க அடிப்படையில் காட்டும் பற்றாக்குறைக்கும் பில் அடிப்படையில் காட்டும் பற்றாக்குறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பேன், அந்த இடைவெளியில்தான் அடுத்த தேர்தலின் வாசனை வரும். எது மோசம் என்று கேட்டால், என் கணக்கில் நைஜீரியாதான் மோசம், ஏனென்றால் கானாவில் அலமாரியை எட்டு வருடத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் திறந்து எண்ணுகிறார், செக்யூரிட்டி வோட் பணத்தை யாரும் எண்ணியதே இல்லை. கானாக்காரர்கள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, கடனைக் கட்ட முடியாமல் கை விரித்தது அவர்கள்தான், நைஜீரியா இல்லை.

கானா 2023 மே மாதம் நாணய நிதியத்திடம் 300 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு மறுபடி கணக்கு எழுத உட்கார்ந்தது. 2025-இல் சட்டத்தைத் திருத்தி, 2034-க்குள் கடனை உள்நாட்டு உற்பத்தியில் 45 சதவீதத்துக்கு இறக்க வேண்டும், வட்டி நீங்கலாக 1.5% உபரி காட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். நிதி அமைச்சகத்தின் முன் அனுமதி இல்லாமல் பெரிய கொள்முதல் தொடங்கக் கூடாது என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது, அலமாரிக்குப் பூட்டு. அடுத்த தேர்தல் 2028 டிசம்பரில். 2029-இல் வரும் முதல் பட்ஜெட் உரையில், யார் படித்தாலும், நான் முதலில் நிலுவைப் பக்கத்தைத்தான் புரட்டுவேன்.